இருபதின் மடங்கு

எண்ணூர் விரைவுச் சாலையில்
இரவு எடைமேடை என்னுடையது.
ஷிஃப்ட் ஏறியதும் முதல் வேலை:
தட்டில் கிடக்கும் மணலைப் பெருக்கி,
தூங்கும் நாயை எழுப்பி விரட்டி,
பச்சைப் பொத்தானை அழுத்திப்
பூஜ்யம் போடுவது.
சிவப்பில் அது வந்து நின்றால்தான் லாரிகள் ஏறும்.

என் இயந்திரத்துக்கு
இருபது இருபதாகத்தான் பேச வரும்.
நாற்பதாயிரத்து இருபது. நாற்பதாயிரத்து நாற்பது.
நடுவில் இருப்பதெல்லாம் அதற்கு இல்லை.
(அஞ்சல் வழி எம்.எஸ்சி. இயற்பியல்.
குவாண்டம் தாள் மட்டும் இரண்டு முறை போய்விட்டது.
மூன்றாம் முறைக்குப் படிக்கிறேன்,
இரண்டு லாரிகளுக்கு நடுவே.)

பாடத்தில் சூலம் போல ஒரு கிரேக்க எழுத்து.
அதைத் தொட முடியாது, நேராக அளக்க முடியாது.
அதன் அளவை வர்க்கப்படுத்தினால்
துகள் எங்கே இருக்கக்கூடும் என்று தெரியும்.
இருக்கக்கூடும்.
அவ்வளவுக்குத்தான் மூன்று பக்கக் கணக்கு.

கன்டெய்னரை நான் திறந்து பார்த்ததே இல்லை.
முழு வண்டியிலிருந்து காலி வண்டியைக் கழிக்கிறேன்.
மிச்சம்தான் சரக்கு.
பொம்மையோ, மோட்டாரோ, மிளகாய் வற்றலோ,
சீல் உடையாத வரை
எனக்கு எல்லாம் ஒரே கழித்தல்.

இன்று கார்த்திகைப் பௌர்ணமி.
டியூட்டிக்கு முன் திருவொற்றியூரில் இறங்கினேன்.
வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும் புற்று
மூன்று நாள் மட்டும் திறந்திருக்கும்.
தேரடி வரை வரிசை. இரண்டு மணி நேரம்.
என் முறை வந்தபோது முன்னால் நின்றவர்
பிள்ளையைத் தோளில் தூக்கிவிட்டார்.
அதன் கொலுசுக்கும் அவர் காதுக்கும் நடுவே
ஏதோ கருப்பாக, எண்ணெயாக மினுங்கியது.
"நவுரு, நவுரு" என்றார்கள்.
புனுகு வாசனை இன்னும் துப்பட்டாவில் இருக்கிறது.
பார்த்தேனா?
அம்மா கேட்டால் ஆமாம் என்பேன்.

அணுவைக் காட்டிச் சாமியை நிரூபிக்கும் வீடியோக்களை
மாமா தினமும் அனுப்புகிறார்.
திறப்பதில்லை.
ஆனாலும் மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாள்
அந்தக் கவசத்தின் முன்னால் கண்ணை மூடி நிற்பவர்களை நினைத்தால்,
அவர்களும் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்
என்று தோன்றுகிறது.

ஒன்றே முக்காலுக்குத் தயாளன் வந்தான்.
பொன்னேரிக்காரன். துறைமுக வரிசையில் பதினாறு மணி நேரம்.
செத்துப்போன போனை
ஜன்னல் வழியே நீட்டினான், சார்ஜில் போடச் சொல்லி.
"ஆர்.எஸ்.ஆர்.எம்.ல சேத்துருக்காங்க. சாயந்தரமே வலி."
ரசீதைக் கொடுத்தேன். வாங்கவில்லை.
ஆறு சதவீதம். பன்னிரண்டு.
"ஆன் பண்ணட்டாண்ணா?"
"இரும்மா. கொஞ்சம் இரு."

வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து
காலித் தட்டின் மேல் நடக்கத் தொடங்கினான்.
அறுபது. எண்பது. அறுபது.
இயந்திரத்தால் முடிவு செய்ய முடியவில்லை.
மணலிப் பக்கம் ஆலைச் சுடர்
வானத்தை நக்கிக்கொண்டிருந்தது.
அணைந்த போனுக்குள் எல்லாச் செய்திகளும் இருந்தன.
அல்லது ராயபுரத்தில் ஏற்கெனவே
ஒன்றே ஒன்றுதான் இருந்தது.
இதில் எது சரி என்பதுதான்
அரியர் தாளில் ஐந்தாவது கேள்வி.
பத்து மதிப்பெண்.

இரண்டு இருபதுக்கு அவனே பொத்தானை அழுத்தினான்.
போன் விழித்து, கம்பெனி இசையைப் பாடி,
கோபுரம் தேடி,
அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
என் பார்வை பட்டு எதுவும் மாறாது என்று
படித்தவள்தான். இருந்தாலும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கரகரத்த குரல்:
"பொண்ணு. ரெண்டு கிலோ எழுநூறு."

பத்துக் கிலோவுக்குக் கீழே எதை வைத்தாலும்
என் தராசு ஒன்றைத்தான் காட்டும்.
யாருமே இல்லையென்றாலும் அதுதான்,
பச்சைக் குழந்தை கிடந்தாலும் அதுதான்.
திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்,
சிவப்பாக, ஆடாமல்.

பின்னால் அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.
கொஞ்சம் நிற்கட்டும் என்று விட்டேன்.