மூலைப் பெட்டி

நகராட்சிக் கூடத்தில் அறுபது நாற்காலி போட்டேன்.
வாசலில் தலைப்பை ஒட்டியதும் நான்தான்:
‘ஐரோப்பாவின் பாதுகாப்பு: ருஷ்யாவோடு சமாதானம் எப்படி?’
பசை காயுமுன் ஒரு பல்லி
கேள்விக்குறியின் மேல் உட்கார்ந்துகொண்டது.

வரைபடத்தில் ஐரோப்பா சுவர் நிறைய.
எங்களைத் தேடினால்
கீழ்மூலையில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு துளி.
சேன்-ஆந்த்ரே தெரியாது. கரும்பு தெரியாது.
நடுவே எத்தனை கடலை வெட்டி எறிந்தார்கள் என்று
எழுதவில்லை.
காரைக்காலிலிருந்து கல்யாணமாகி வந்து
இருபத்திரண்டு வருஷமாக
அந்தப் பெட்டிக்குள்தான் நானும் துணி காயப்போடுகிறேன்.
காசு யூரோ.
பையன்கள் போகிற பட்டாளம் அந்தப் பட்டாளம்.

நாத்தனார் மகன் லுதோவிக் சினிமாலே
ருமேனியாவில் இருக்கிறான்.
முழங்கால் பனியில் நின்று அனுப்பிய படத்தை
அவள் போனிலேயே தடவிப் பார்க்கிறாள்.
சளி பிடிக்குமே என்கிறாள்.
வேறெது பிடிக்கும் என்று சொல்ல
அவளுக்கும் வாய் வரவில்லை, எனக்கும்.

பாரிஸிலிருந்து வந்தவர் சொன்னார்:
முதலில் ஆயுதம், பிறகு பேச்சு.
வெறுங்கையோடு உட்காருகிறவனுக்கு
மேசையும் எதிரிதான்.
துறைமுகத் தொழிற்சங்கத்துப் பெண்மணி சொன்னார்:
முதலில் துப்பாக்கி நிற்கட்டும்.
செத்தவனுக்கு எந்த நாடும் ஆறடிதான்.
இரண்டுக்கும் கைதட்டல்.
நான் இரண்டு முறையும் தட்டினேன்.
வெட்கமாகத்தான் இருந்தது.

பின்வரிசையில் ஃபிர்மேன் கனபடி எழுந்தார்.
கேள்வி கேட்கவில்லை, வழக்கு சொன்னார்.
அவர் நிலத்துக்கும் ரிவியேர் நிலத்துக்கும் நடுவே ஒரு கல்.
பதினோரு வருஷம் கோர்ட்டு.
நோட்டேர் முன்னால் கையெழுத்து, அப்புறம் ரம்.
“அன்றைக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.
அடுத்த அறுவடைக்குள் கல்
ஒரு சாண் என் பக்கம் வந்திருந்தது.
கல்லுக்குக் கால் கிடையாது, ஐயா.
கையெழுத்துப் போட எனக்கும் தெரியும்.
ராத்திரி அந்தக் கல்லோடு
யார் படுத்துக்கொள்வது?
அதைச் சொல்லுங்கள்.”

சிரித்தார்கள்.
பாரிஸ்காரர் சிரிக்கவில்லை,
எதையோ எழுதினார், அடித்தார்.
“ரிவியேர் என்ன சொல்கிறார்?”
என்று கேட்டார் தொழிற்சங்கத்துப் பெண்மணி.
“தன் பக்கம்தான் குறைந்தது என்கிறான்.
மனசாரச் சொல்கிறான்.
அதுதான் பயமாயிருக்கிறது.”

ஒன்பது மணிக்குக் கூட்டம் கலைந்தது.
சூரியகாந்தி எண்ணெய் விலையில் வந்து நின்ற வாக்குவாதம்
காருக்குக் கார் தாவிப் போய்க்கொண்டிருந்தது.
நாற்காலிகளை எண்ணி அடுக்கினேன்.
ஐம்பத்தொன்பது.

அறுபதாவது வாசலில் இருந்தது,
அதில் கனபடி.
கடைசி பஸ் போய்விட்டதாம்.
ரிவியேர் வண்டி எடுத்து வருகிறானாம்.
“அவர் வண்டியிலா?” என்றேன்.
“அந்த மேட்டுக்கு வேறு யார் போகிறார்கள்?”
எழுந்து நாற்காலியை என் கையில் கொடுத்துவிட்டு,
முன்சீட்டில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்:
எந்த நாடா வைத்து அளந்தாய், சொல்.

வரைபடத்தைச் சுருட்டினேன்.
பெட்டி இருந்த மூலை சுவரோடு ஒட்டிக்கொண்டு
கிழிந்து நின்றது.
விளக்கை அணைக்கிற நேரம் போன் அதிர்ந்தது.
லுதோவிக், கிரியோலில், இரண்டே வரி:
குளிர் பரவாயில்லை, அத்தை.
இன்றிரவு காவல் முறை எனக்கு.