முதலாளியைப் பெட்டிக்குப் பழக்கியது

காப்பகம் தந்த கடதாசியில் அவன் பெயர் லியோபோல்ட்.
வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே
என் கதிரையில் ஏறி இருந்துகொண்டு
என்னை நிற்க வைத்ததால்
முதலாளி.

இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு இரவு வேலை.
சீப்பு லாச்சிக்குள் கிடந்தது.
தை முடிவதற்குள் அவன் கக்கத்தில்
நெல்லிக்காய் அளவு ஒரு சிக்கு,
வயிற்றில் இன்னும் இரண்டு.
தொட்டால் சீறினான்.
நியாயம்தான்.

"ஒன்பது நாள் இருக்கிறது" என்றார் தொலைபேசியில்
ஃபோவிங்கலில் பூனைகளுக்கு முடி வெட்டும் திருமதி ஓஸ்டர்மான்.
"பெட்டியை இன்றைக்கே வெளியே எடுங்கள்.
ஒரு வாளி மாதிரி, ஒரு செருப்பு மாதிரி
அது வீட்டில் கிடக்கட்டும்."
மின்சாரக் கணக்கின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

பெட்டியின் கதவைக் கழற்றினேன்.
உள்ளே என் பழைய பெனியன், தோய்க்காதது.
வசுமதி மூக்கைப் பொத்தினாள்:
"உந்த மணத்துக்குப் பூனை வருமோ?"
மூன்றாம் நாள் வந்தது,
ஒரு நெத்தலிக் கருவாட்டுத் தலைக்காக.
முன்கால் இரண்டும் உள்ளே,
பின்கால் இரண்டும்
ஒப்பந்தத்தை வாசித்து முடிக்காத வக்கீல் போல வெளியே.

பாதத்தை எடுத்து
ஒரு மூச்சு நேரம் பிடித்து விட்டேன்.
மறுநாள் இரண்டு மூச்சு.
அதற்கடுத்த நாள் நான் விட்ட பிறகும்
கொஞ்சம் என் கையிலேயே வைத்திருந்தான்.

தலை உலர்த்தும் மெஷினைக்
குளியலறைக்குள் ஓடவிட்டுக் கதவைச் சாத்தி
வெளியே நானும் அவனும் கருவாடும்.
பிறகு கதவு ஒரு விரல் திறப்பு.
பிறகு ஒரு சாண்.
பக்கத்து வீட்டு யுர்கன் மணியடித்துக் கேட்டார்,
தினமும் இவ்வளவு நேரம் தலை காயவைப்பது யார் என்று.
என் வழுக்கையைப் பார்த்தார்.
பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

எட்டாம் நாள் பெட்டிக்குள் தூங்கினான்.
கதவைப் பூட்டி, பத்து எண்ணி, திறந்தேன்.
பூட்டியிருக்கும்போது கம்பிக்குள்ளால் விரலை விடுவேன்;
மூக்கால் முட்டுவான்.
அது எங்கள் கையெழுத்து.

ஒன்பதாம் நாள் காலை அரை வயிற்றுக்குச் சாப்பாடு.
நூலில் கட்டிய இறகை இழுத்து
அவன் களைக்கும்வரை ஓட்டம், எனக்கும் இளைத்தது.
பெட்டிக்கு மேலே துவாய்.
ஓபர்பார்மனில் தொங்குரயில் ஏறினோம்.
கால்களுக்குக் கீழே வூப்பர் ஆறு,
பால் விடாத தேத்தண்ணி நிறத்தில்.

வெஸ்டெண்ட் தாண்டியதும் நின்றது.
கோளாறாம். பொறுமை காக்கட்டாம்.
காற்றுக்கு மெல்ல ஆடியது பெட்டி,
நாங்கள் இருந்த பெரிய பெட்டி.
தொண்ணூற்றாறில் ஒரு பாரவண்டிக்குள் பதினொரு பேர்.
அந்தக் கதவை முன்கூட்டியே யாரும்
கழற்றிவைத்துப் பழக்கவில்லை.

பூனை கண்ணை மூடினால்
உலகம் இருண்டது என்று நினைக்குமாம்.
மூடியது நான்.

துவாயின் ஓரத்தைத் தூக்கி விரலை விட்டேன்.
அவனுக்குத் தைரியம் சொல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள்.
மூக்கால் முட்டினான்.
பிறகு, இதுவரை செய்யாத வேலை,
நாடியை என் விரல்மேல் வைத்து
தலையின் முழுப் பாரத்தையும் விட்டான்.
இருபத்திரண்டு நிமிடம்.
விரல் விறைத்தது. எடுக்கவில்லை.

"வழியில் பயந்துவிட்டானா?"
திருமதி ஓஸ்டர்மான் வாசலில் கேட்டார்.
யார் என்று கேட்க வாய் உன்னியது.
"கொஞ்சம்" என்றேன்.
மெஷினை ஓடவிடாமல் அவனுக்கு மணக்கக் கொடுத்தார்.
மணந்தான். கொட்டாவி விட்டான்.
வழித்தெடுத்த சிக்குகளை என் உள்ளங்கையில் வைத்தார்.
மூன்றுக்கும் சேர்த்துப் பாரமே இல்லை.

திரும்பிப் போக பஸ் இருக்கிறதா என்றேன்.
இருக்கிறது, இரண்டு மாற வேண்டும், ரயில்தான் சுகம் என்றார்.
நான் யோசித்துக்கொண்டு நிற்க
முதலாளி
பெட்டிக்குள் போய் இருந்துவிட்டான்.