மூன்று பாகை கோணல்

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலைக்குப் பின்னால்
நான்காம் எண் கழிவுக் குளம்.
காப்பிக் கறுப்பில் கிடக்கிற நீர்
அங்கங்கே கொப்புளித்து உடையும்.
உடைந்து வெளியேறுவதில் பாதியை மூக்கு சொல்லிவிடும்.
மீதி மீத்தேன். மணமில்லை, நிறமில்லை.
அதற்காகத்தான் என்னையும்
ஒரு பெட்டி லேசரையும் அனுப்பியிருக்கிறார்கள்.

குளத்துக் காற்றை உறிஞ்சிக்
கொட்டகையில் ஓர் எஃகுக் குழலுக்குள் நிரப்புகிறோம்.
கண்ணில் படாத ஒளி இந்த முனையில் நுழைந்து
அந்த முனையில் வெளியேறுமுன்
பத்தாயிரத்தில் ஒரு பங்கு களவு போகும்.
எந்த நிறம் களவு போனதோ
அதுவே திருடனின் பெயர்.
அவ்வளவுதான் என் வேலை:
பத்தாயிரம் வெள்ளியை எண்ணிவிட்டு
ஒரு வெள்ளி குறைகிறதென்று சத்தியம் செய்வது.

கொதிகலன், அரைவை, ஜெனரேட்டர்:
ஆலை அதிர்ந்துகொண்டே இருக்கும்.
இரைச்சலுக்கு நான் பயந்தவளில்லை.
நொடிக்குப் பத்தாயிரம் தடவை லேசரை நடுங்கவிட்டு
அந்த நடுக்கத்துக்கு மட்டும் காது கொடுத்தேன்,
பசார் மாலாமில் ஆயிரம் பேர் கத்தினாலும்
நம் பெயரைச் சொன்னவன் பக்கம்
தலை திரும்புமே, அப்படி.
மிச்சத்தை நூறு முறை கூட்டிச் சராசரி கண்டேன்.
இரைச்சல் பத்தில் ஒன்றானது.

அப்போதுதான் அலை தெரிந்தது.
மீத்தேன் பள்ளத்தின் அதே அகலத்தில்
எண்ணெய் வைத்து வாரிய தலைபோல
வரிவரியாய்.
நூறு கூட்டினேன், ஆயிரம் கூட்டினேன், மசியவில்லை.
இரைச்சல் மறதிக்காரன்.
இந்த அலைக்கு நினைவு இருந்தது.

ஹபீஸ் கண்ணாடியைத் துடைத்தான்,
சாராயம் தொட்டு, மூச்சடக்கி, மூன்று நாள்.
துடைக்கத் துடைக்க அலைதான் தெளிந்தது.
முதல் நாள் சிரித்தோம்.

நைட்ரஜன் மட்டும் செலுத்தி
வெறுங்குழலின் கோட்டை எடுத்துக் கழித்தும் பார்த்தோம்.
காலை எட்டு மணிக்குச் சரியாக இருந்தது.
பத்து மணிக்குத் தகரக் கூரை காய்ந்து
அலுமினியச் சட்டம் மயிரிழையிலும் கொஞ்சம் நீள,
அலை நகர்ந்துவிட்டது.
கழித்ததே இன்னொரு பொய்யாயிற்று.
அந்தப் பொய்களில் அழகான ஒன்றை
மானேஜர் ஓங்
கோலாலம்பூருக்கு அனுப்பியும் விட்டார்.

வியாழன் பின்னிரவு.
பன்னிரண்டு டன் குலையோடு பின்வாங்கிய
சன்னாசியின் லோரி
கொட்டகைத் தூணில் இடித்தது.
அரைக் குவளை தே ஓ என் மடியில்.
வாய்வரை வந்த கெட்ட வார்த்தை
அங்கேயே நின்றது:
திரையில் அலை இல்லை.
நேர்கோடு. நடுவே ஒரே ஒரு பள்ளம்,
சேற்றில் கட்டைவிரல் பதிந்ததுபோல.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வெளியேறும் கண்ணாடி மூன்று பாகை சாய்ந்திருந்தது.
இத்தனை நாளும்
அதுவும் உணரியின் மூடிக் கண்ணாடியும்
ஒரு விரல் இடைவெளியில் முகத்துக்கு முகம் நின்று
ஒரே ஒளியை
நீ வைத்துக்கொள், நீ வைத்துக்கொள் என்று
மாற்றி மாற்றித் தள்ளியிருக்கின்றன.
இப்போது ஒன்று முகத்தைத் திருப்பிக்கொள்ள,
தள்ளிய ஒளி கறுப்புச் சட்டத்தில் பட்டுச் செத்தது.

"ஒடஞ்சிருச்சா, தங்கச்சி?"
சன்னாசி வாசலில் நின்றார்.
"சரியாயிருச்சுண்ணே."
அவர் நம்பவில்லை.
தூணுக்கான காசைச்
சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.
பதிவேட்டில் எழுதினேன்: 2.40. லோரி.

விடிந்ததும் பதினோரு நாள் எண்களைச் சிவப்பால் அடித்தேன்.
எட்டாம் நாளின் மேல் விரலை வைத்து
"இது நல்ல எண்ணாச்சே" என்றார் ஓங்.
புது எண் அதைப்போல் இரண்டு மடங்கு.
அவர் விரலை எடுக்கவே இல்லை.

அடுத்த லோரி வருமுன்
தங்கை கல்யாணத்துக்கென்று வாங்கிய நகப்பூச்சில்
ஒரு சொட்டைத் திருகின் தலையில் விட்டேன்.
கோணல் கோணலாகவே
காயட்டும்.