இருபத்தோராவது அடி

சுவரில் முட்டிக்கொள்வதுதான் எனக்கு வேலை.
காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தின்
எல்லாச் சுவர்களிலும் ஒரு முறை.
எதில் உடம்பு நுழைகிறதோ
அதைக் குறித்துக்கொள்வேன்.

இந்த வாரம் பிடித்தவை:
கூரைக்குள் இடுப்புவரை புதைந்த குதிரை,
தலையை விட்டுவிட்டுத் தனியாகப் போன கொசாக் தொப்பி,
மேல்நோக்கி விழுந்த துண்டறிக்கைகள்.
கடைசியை அப்படியே விட்டுவிடலாமே என்று எழுதினேன்.
கிராட்சியான் சிரிக்கவில்லை. திருத்திவிட்டார்கள்.

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
படகு போக ஆறு கிடையாது இங்கே.
ஆலைகள் குடித்தது போக மிச்சத்தைத்
தெருவுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள்.
நாங்கள் உட்கார்ந்திருப்பதும் ஒரு பஞ்சாலைதான்,
நான்காம் மாடி.
தறி நின்ற இடங்களில் இன்னும் எண்ணெய்க் கறை,
அதன்மேல் எங்கள் நாற்காலிகள் உருள்கின்றன.
விளையாட்டிலும் அதே ஆலை.
மழைக்குழாயைப் பிடித்து ஏறி
என் ஜன்னலுக்கு வெளியே தொங்கியபடி
உள்ளே பார்த்தேன் ஒரு நாள்.
கண்ணாடியில் வரைந்த இருட்டு.
உள்ளே யாரும் எதுவும் செய்து வைக்கவில்லை.

எங்கள் வீரன் புகைபோக்கி உச்சியிலிருந்து
பஞ்சு வண்டிக்குள் குதிப்பான்,
முழங்கால்கூட நோகாது.
லிஃப்ட் பழுதான நாளில்
நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குகிறேன்.

கிழக்குத் தெருவில் தடுப்பரண்.
கவிழ்த்த வண்டி, கதவுகள், ஒரு தையல் மெஷின்.
வீரன் இருபது அடிக்குள் வந்தால் புரட்சி தொடங்கும்.
இருபத்தோராவது அடியில் நின்றால் தொடங்காது,
எவ்வளவு நேரமானாலும்.
மதியம் நான் சாப்பிடுவது அங்கே நின்றுதான்,
ஊறிய வெள்ளரி வைத்த ரொட்டி.
எதிரே பதினாறு பேர்
கையில் கல்லோடு
மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு.

அதில் ஒருத்திக்குக் கோப்பில் பெயர்
பெண்-சால்வை-மூன்று.
அவளுக்கு மூன்றே வசனம்.
ரொட்டி விலை ஏறிப்போச்சு.
குதிரை வருது, குதிரை வருது.
எங்க அண்ணனைப் பார்த்தீங்களா?
குரல் கொடுத்தது வரவேற்பறை மிரேலா.
மே மாதம் அவளை அனுப்பிவிட்டார்கள்,
குரல் மட்டும் தெருவில் நிற்கிறது.

தேடினேன். நகரத்தில் பதினோராயிரம் பேர்,
ஒருவர்கூட யாருக்கும் அண்ணன் இல்லை.
பிழை என்று பதிந்தேன்.
'பின்னணிப் பேச்சு. பிழையில்லை. மூடப்பட்டது.'
கிராட்சியான் அதற்கு மேல் எழுதுவதில்லை.

சண்டை தொடங்கி ஐம்பத்திரண்டாம் நொடியில்
அவள் சாக வேண்டும்.
வண்டியைத் தள்ளி மறைத்துப் பார்த்தேன்.
குறுக்கே நின்று எல்லாக் குண்டையும் வாங்கிப் பார்த்தேன்.
கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
துப்பாக்கி வைத்திருந்த அத்தனை பேரையும்
முன்கூட்டியே முடித்துவிட்டேன்.
தெரு காலி, புகைகூட அடங்கிவிட்டது.
ஐம்பத்திரண்டாம் நொடியில்
ஒரு கீறலும் இல்லாத அந்தப் பெண்
சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு
கற்களின்மேல் படுத்துக்கொண்டாள்.

இதை மட்டும் பிழை என்று ஒத்துக்கொண்டார்கள்.
மறுநாள் சரியாகிவிட்டது:
யாருமில்லாத தெருவில்
இப்போது எங்கிருந்தாவது ஒரு குண்டு வந்துவிடுகிறது.

அக்டோபர். வெளியீட்டுக்கு ஐந்து வாரம்.
சனியும் ஞாயிறும் எங்களிடம் இல்லை.
சமையலறை மேசையில் திங்கள் முதல் ஒரு தாள்,
கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டு.
நூலில் கட்டிய பேனா.
எல்லோரும் கெட்டிலை நிரப்ப வருகிறோம்,
தாளைப் பார்க்காமலிருக்கப் பழகிய கண்களோடு.
தேயிலைப் பை ஊறுகிற நான்கு நிமிடம்
எவ்வளவு நீளம்.

இரவு பத்தரைக்குக் கோப்பை கழுவப் போனேன்.
தாளில் ஒரு கையெழுத்து இருந்தது.
மேலே அத்தனை கோடும் காலி,
கடைசிக் கோட்டில் எறும்பளவு எழுத்தில்
கிராட்சியான் வ்ரூபெல்.

வாசலிலேயே நின்றேன்,
கோப்பை சொட்டிக்கொண்டிருந்தது.
நூலைக் குட்டையாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.
பக்கத்தில் போனால்தான்
பேனா எட்டும்.