நூற்று நாற்பத்தெட்டு ரூபாய்

கப்பலிலிருந்து திரும்பிய பதினோராம் நாள்
நூற்றைம்பது ரூபாய் கேட்டார்.
சம்பளம் இன்னும் கம்பெனியிடம்.
கம்பெனி எங்கே என்று
ஏஜெண்டுக்கும் தெரியவில்லை.
குழுக்கடனுக்கு எடுத்து வைத்ததில் கொடுத்தேன்.

வந்து அடுப்பு மேடையில் பரப்பினார்:
மைதா அரைக் கிலோ, இருபத்தெட்டு.
முட்டைக்கோஸ், சின்னது, இருபது.
கேரட் இரண்டு, பன்னிரண்டு.
வினிகர் இருபத்து மூன்று.
முதுநகர் கருவாட்டுக் கடையில் சென்னாங்குனி, முப்பது.
அப்புறம் ஒரு பெயிண்ட் பிரஷ்,
இரண்டு அங்குலம், முப்பத்தைந்து.
மீதி இரண்டு ரூபாயை என் உள்ளங்கையில் வைத்தார்.

சுவருக்கா, என்றேன்.
தோசைக்கல்லுக்கு, என்றார்.

பிலிப்பைன்ஸ் பலகாரமாம். லும்பியா.
கப்பல் சமையல்காரன் வில்ஃபிரெடோ
கையைப் பிடித்துச் சொல்லித் தந்ததாம்.
அதற்குப் பன்றிக்கறி வேண்டுமாம்.
'சென்னாங்குனி போட்டால் கோவிச்சுக்குவானா?'
'கடைசியில அவனே எதைத்தான் போடலை.'
அதற்கு மேல் கேட்காதே என்பதுபோல்
முட்டைக்கோஸை நறுக்கத் தொடங்கினார்,
தலைமுடி போல, தண்டைக்கூட விடாமல்.

மைதாவை நீர்மோராய்க் கரைத்தார்.
பதினாறு வருஷம் டெக்கில்
துரு தட்டிப் பெயிண்ட் அடித்த கை.
சிம்மில் வைத்த கல்லின்மேல்
நெடுக்கே ஓர் இழுப்பு, குறுக்கே ஓர் இழுப்பு.
இருபது எண்ணுவதற்குள் ஓரம் நிமிர்ந்தது.
நகத்தால் உரித்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
அந்தப் பக்கத்திலிருந்து
நித்திலாவின் மூக்கு தெரிந்தது.

நான் அடித்தது கிழிந்தது.
கிழிந்ததைத் தூக்கிப் போடப் போனேன்.
வை, ஒட்டுப் போடலாம், என்றார்.

மசால்தோசைக்கு வைக்கிற கை எனக்கு;
அள்ளி வைத்தேன்.
பாதியை எடுத்து மறுபடி கிண்ணத்தில் போட்டார்.
சுருட்டிக்கொண்டே,
என்னைப் பார்க்காமல், சுருளைப் பார்த்துச் சொன்னார்:
'அஞ்சாம் மாசம் கட்டைவிரல் மொத்தம்.
ஏழாம் மாசம் பென்சில் மொத்தம்.
எட்டாம் மாசம் கோஸ் இல்லை,
வெறும் வெங்காயத்தாள்,
போசன் பெயிண்ட் டப்பாவில் வளர்த்தது.'

துறைமுக வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்
நங்கூரம் போட்டுக் கைவிடப்பட்டுக் கிடந்த
ஒன்பது மாசத்தைப் பற்றி
இந்த வீட்டில் அவர் பேசியது
அவ்வளவுதான்.
போனில் அப்போதெல்லாம்
'சாப்ட்டாச்சு' என்பார்.
நானும் இங்கிருந்து
'பணம் இருக்கு' என்பேன்.

ரேஷன் பாமாயில். சின்ன வாணலி.
ஒரு தடவைக்கு மூன்றுதான் போட முடிந்தது.
சென்னாங்குனி வாசம் சந்து முழுக்கப் போய்
சகாயமேரியைச் சுவர்வரை கூட்டி வந்தது.
'என்ன, கருவாடா?'
'பலகாரம்க்கா.'
'கருவாட்டுல பலகாரமா!'
சொல்லிக்கொண்டே நான்கைத் தின்றாள்.
வினிகரில் பூண்டும் மிளகாயும் நசுக்கிப் போட்டதைத்
தொட்டுக்கொள்ளச் சொன்னால்
முகத்தைச் சுளித்துவிட்டுத்
திரும்பவும் தொட்டுக்கொண்டாள்.

இருபத்தாறு சுருளோடு கிண்ணம் காலி.
மூன்று மாவுத்தாள் மிச்சம்.
நாளைக்கு ஆகும், எடுத்து வைக்கலாம், என்றேன்.
அவர் பேசாமல்
ஒவ்வொன்றாக எடுத்து
உள்ளே ஒன்றும் வைக்காமல்
அதே கவனத்தோடு மடித்து
ஓரத்தில் பசை தடவி ஒட்டி
எண்ணெயில் விட்டார்.
மிதந்தன.

'ஒன்பதாம் மாசம்' என்றார்.

நித்திலா ஒன்றைக் கடித்தாள்.
'இதுதான்ப்பா சூப்பர். சத்தம் வருது.'
அவர் சிரித்தாரா என்று பார்த்தேன்,
வாணலியின் பக்கம் திரும்பியிருந்தார்.
இரண்டாவதை நான் எடுத்துக்கொண்டேன்.
அப்பளம் மாதிரியும் இல்லை.
வாயில் நொறுங்கியதும் சூடாகக் கொஞ்சம் காற்று.
மூன்றாவது தட்டிலேயே கிடந்தது.

இரவு
இரண்டு ரூபாயைக் குழுக்கடன் டப்பாவில் திரும்பப் போட்டேன்.
பிரஷை அரிசி களைந்த தண்ணீரில் அலசி
கரண்டிகளோடு ஆணியில் மாட்டினேன்.
'நாளைக்கு அதை வச்சு
கதவுக்குப் பெயிண்ட் அடிச்சிடறேன்' என்றார்.

அதைத் தொடாதீங்க, என்றேன்.
அது அடுப்படி பிரஷ்.