வல்லின றி

மூன்று மணித்தியாலம் இறங்கியது புதிய பதிப்பு.
மழை ஒரு பக்கம், சிக்னல் ஒரு பக்கம் இழுக்க
நூற்றுக்கு எத்தனை என்று சொல்லும் டிங் ஒலி
ஒவ்வொரு படியாக மேலே ஏறியது.
தொண்ணூற்றாறில் கரண்ட் போனது.
நியாஸ் நானா யாரையோ ஏசினார்,
மின்சார சபையை என்று நினைக்கிறேன்.

நோர்வூட் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே,
மாடிப்படிக்குக் கீழே எங்கள் கொமினிகேஷன்.
போட்டோகொப்பி, ரீலோட், லெமினேட்டிங் அவர்.
மனு எழுதுவது நான்.
இதுவரை என் கணினிக்கு ஒரே குரல்.
சிங்களம் வந்தால் வாயை மூடிக்கொள்ளும்.
பிரதேச செயலகத்துக் கடிதங்களில்
பாதிப் பக்கம் மௌனம்.
அதை வாசித்துச் சொல்ல
யாராவது கடைக்கு வரும்வரை உட்கார்ந்திருப்பேன்.

இப்போது மொழி மாறினால் ஆளே மாறுகிறது.
சிங்களத்துக்கு ஒருத்தி, கொஞ்சம் மூக்கடைப்பு.
ஆங்கிலத்துக்கு ஓர் ஆண், அவசரக்காரன்.
தமிழுக்கு வந்தவள் சென்னைக்காரி போல.
கொட்டகலையைக் கொட்டாவி மாதிரிச் சொல்கிறாள்,
பொகவந்தலாவையில் மூச்சு முட்டி
பாதி வழியில் இறங்கிவிடுகிறாள்.
போகட்டும், பழகிவிடுவாள்.

படங்களுக்கும் வாய் வந்திருக்கிறது.
முன்பு ‘படம்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான்.
நேற்று அக்கா அனுப்பியதற்கு
‘வெளியில் ஒரு பெண். பச்சை நிறச் செடிகள்.
முதுகில் ஒரு பை. புன்னகைக்கிறார், இருக்கலாம்’ என்றது.
அந்த ‘இருக்கலாம்’ எனக்குப் பிடித்தது.
கண்ணுள்ள யாரும் என்னிடம்
அத்தனை சந்தேகத்தோடு எதையும் சொன்னதில்லை.
அக்காவிடம் கேட்டேன், சிரிச்சியா?
அட்டை கடிச்சிச்சு, பல்லைக் கடிச்சேன் என்றாள்.

அக்கா சந்தனமேரி. இருபத்தாறு வருசம் கொழுந்து.
ஐம்பது முடிந்து சேமலாப நிதிக்கு எழுதிப்போட்டு
மூன்று தரம் திரும்பி வந்தது.
பெயர் பொருந்தவில்லை.
தோட்டத்து கிளார்க் பார்த்தார். சங்கத்துத் தலைவர் பார்த்தார்.
நியாஸ் நானா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
எல்லாம் சரியாத்தானே இருக்கு என்றார்கள்.
பெயரைப் பார்த்தார்கள்,
எழுத்தை யாரும் பார்க்கவில்லை.
நானும்தான். என் பழைய குரலுக்கு
இரண்டும் ஒரே ஓசை.

புதியவளிடம், அம்புக்குறியை ஒவ்வொன்றாய் நகர்த்தினால்
எழுத்துக்கு இனம் சொல்கிறாள்.
அடையாள அட்டையின் படத்தில்:
ச. ந். த. ன. மே. இடையின ரி.
தோட்டம் அனுப்பிய படிவத்தில்:
ச. ந். த. ன. மே. வல்லின றி.

மறுபடி அழுத்தினேன்.
வல்லின றி.
வேகத்தைக் குறைத்து அழுத்தினேன்.
வல்லின றி என்றாள், அலுக்காமல்.

பிரெய்லில் இரண்டும் வேறு வேறு புள்ளி.
பத்து வயதில் என் விரல் பிரித்தறிந்த ஒன்று
காகிதங்கள் தட்டையாய் வரத் தொடங்கியபின்
என்னிடம் இல்லாமல் போயிருந்தது.

அப்படியென்றால் இருபத்தாறு வருசமாக
இன்னொருத்தி இருந்திருக்கிறாள் செக்ரோலில்.
சந்தனமேறி.
கொழுந்து பறிக்காதவள். அட்டை கடிக்காதவள்.
அவள் பேரில்தான் மாதாமாதம் ஏறியிருக்கிறது
அக்காவின் சம்பளத்தில் வெட்டிய காசு.

போனில் சொன்னேன்.
ஒரு எழுத்துக்கா? என்றாள்.
ஒரு எழுத்துக்குத்தான்.
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது, இரண்டு பக்கமும்.
பிறகு மெதுவாய்க் கேட்டாள்:
எங்க நிரையில ராசம்மேரியும் இருக்கா,
அவளுடையதையும் பார்ப்பியா?

மறுநாள் கடை திறக்குமுன்
வாசலில் குடைகளை உதறும் சத்தம்.
ஏழு பேரா, எட்டா,
பிளாஸ்டிக் பைக்குள் கடதாசிகள் சரசரத்தன.
காதில் ஒலிவாங்கியை மாட்டியதும் சென்னைக்காரி,
‘புதுப்பித்தல் தயார். இப்போது மீளத் தொடங்கவா?’

‘பிறகு’ என்பதை அழுத்தினேன்.
முதல் ஆள் வாங்க.