எட்டு மணி மிஸ்கோல்

ஒரு ரிங் என்றால் இருக்கிறேன்.
இரண்டு என்றால் சத்தி, என்றாலும் இருக்கிறேன்.
மூன்று போனால் எடு.
அதற்கு முன் எடுத்துவிட்டால்
"அனே, காசு வெட்டுது" என்று
தயாவதி தன் பிலியந்தலைத் தமிழில் ஏசுவாள்.

சட்டம் போட்டது நபீலா.
மாளிகாவத்தை மாடிவீட்டில் சட்டை தைக்கிறவள்,
அளவில் கறார்.
138இல் நாங்கள் நிற்கிற விதமும்
அவள் வெட்டித் தந்ததுதான்:
எனக்கு இடது போனது, அவளுக்கு வலது,
நோகிற பக்கங்கள் நடுவில் ஒட்டிக்கொள்ள
நல்ல கைகள் இரண்டும் வெளியே கம்பியைப் பிடிக்கும்.
"ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழுப் பொம்பளை" என்பாள்
கொண்டக்டருக்குக் கேட்கும்படி.
அவன் மிச்சக்காசை எண்ணாமல் தந்துவிட்டு
முன்னுக்குப் போய்விடுவான்.

மஹரகமவில் நம்பர் துண்டு, பிறகு வாங்கு,
பிறகு சிவப்பு மருந்து.
நாக்கில் பழைய சாவியின் ருசி.
அதற்கென்று தயாவதி
உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய அம்பரெல்லா கொண்டு வருவாள்,
நேர்ஸ் காணாமல் நாலு பங்காக.

நாலாம் பங்கு பேச்சியம்மாவுக்கு.
பொகவந்தலாவையிலிருந்து முதல்நாளே இறங்கி
கொட்டாஞ்சேனையில் என் அறையில் தங்குவாள்.
கட்டிலைக் காட்டினாலும் பாயில்தான் படுப்பாள்.
நடுச்சாமத்தில் இருட்டுக்குள் கேட்பாள்:
"தூங்கிட்டீங்களா?"
"இல்லை."
அவ்வளவுதான்.
அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நித்திரை வரும்.

வெறுமையான பக்கத்துக்கு
நபீலா ஒரு பை தைத்துத் தந்தாள்,
தராசில் நிறுத்துப் பச்சைப்பயறு நிரப்பி.
நுகேகொடை மழையில் தெப்பமாய் நனைந்து வந்து
மூலையில் கழற்றிப்போட்டு மறந்தேன்.
மூன்றாம் நாள் துணியைத் துளைத்து
வெள்ளை வெள்ளையாய் வால்கள்.
அப்படியே கிளினிக்குக்குக் கொண்டு போனேன்.
"மாஷா அல்லாஹ், புடிச்சிட்டு" என்றாள் நபீலா.
"தாளிச்சிருவோமா?" என்றாள் பேச்சியம்மா.
தையல் நோக நோகச் சிரித்தோம்.
சேலைன் போத்தல்கூட ஆடியது.

ஆடியில் அவளை அனுப்பிவிட்டார்கள்.
இனி வரத் தேவையில்லை என்று டொக்டர் சொன்னதை
நல்ல செய்தி போலச் சொன்னாள்.
நாங்களும் நல்ல செய்தி போலவே கேட்டுக்கொண்டோம்.
லயத்தில் சிக்னல் இல்லை.
கொழுந்து மடுவத்து வளைவுவரை நடந்தால்தான்
ஒரு கோடு காட்டும்.
ஆகவே அவள் ரிங்
எட்டு எட்டுக்கு வரும், இல்லாவிட்டால் எட்டுப் பத்துக்கு.

கார்த்திகையில்
தயாவதிக்குக் கடைசி மருந்து ஏறிய அன்று இரவு
மூன்று ரிங் போனது.
எடுத்தேன். ஒரு பையனின் குரல்.
"அம்மா போயி அஞ்சு வாரமாச்சுங்க.
பிலியந்தலை அக்காவுக்கு மருந்து முடியிற வரைக்கும்
நான் அடிக்கணும்னு சொல்லிச்சு."

நபீலா கொதித்தாள்.
எனக்கு ஒரு துஆ கேட்கக்கூட வழி விடாமல்
ஏமாற்றிவிட்டுப் போனாளே என்று
ஒரு நாள் முழுக்க மெஷினை மிதித்தாள்,
ஊசியில் நூல் இல்லாமல்.
தயாவதியின் குசினியில்
பிளேன்டீ ஆறும்வரை நான் வாய் திறக்கவில்லை.
கடைசியில் அவளே சொன்னாள்:
"தெரியும் நங்கி.
அஞ்சு கிழமையா ரிங் சரியா எட்டு மணிக்கு வருது.
பேச்சி எந்த நாள் நேரத்துக்கு வந்த?"

எனக்குத் தோன்றவே இல்லை.
அவள் தெரிந்துகொண்டே
ஒவ்வொரு இரவும் பதிலுக்கு அடித்திருக்கிறாள்,
முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்கு,
ஒரு ரிங்.

இன்றைக்கும் அடித்தோம், மூன்று பேரும்.
மடுவத்து வளைவில் மழையாக இருக்கும்.
எட்டு மணி போனது.
எட்டு எட்டும் போனது.
எட்டு இருபதுக்கு வந்தது.
சாப்பிட்டுவிட்டு நடந்திருப்பான்.